பீரோவுக்குள் போன வைஃபை

சுகன்யாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 2009 ஆவணியில் ஒரு காலை, மணி பத்து ஐம்பது. பதினொன்றுக்கு சிங்கப்பூரிலிருந்து மணப்பெண் காவ்யா வீடியோ காலில் வருவாள். தறியில் பாதி நெய்திருக்கும் முகூர்த்தப் புடவையை அவளுக்குக் காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் ஆர்டர் வேறு வீட்டுக்குப் போய்விடும். சுகன்யா தானே வரைந்த முதல் டிசைன் அது.

தறியை லேப்டாப்பிடம் தூக்கிக்கொண்டு போக முடியாது. லேப்டாப்தான் பின்கட்டுக்கு வர வேண்டும். அது வந்துவிட்டது, சிக்னல்தான் வரவில்லை. நேற்று இதே இடத்தில் இரண்டு கோடு காட்டியது, இன்று ஒன்றுகூட இல்லை.

முன்னறைக்கு ஓடினாள். பீரோ மேல் வைத்திருந்த ரவுட்டரைக் காணோம். ஒயர் மட்டும் பீரோ கதவின் இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது.

"மாமா, டப்பாவ எங்க வெச்சீங்க?"

"பீரோவுலதாம்மா," என்றார் மாமனார் தணிகாசலம், தறியை விட்டு எழுந்து வந்தபடி. "வெலையுள்ள சாமான். தூசு வேற பறந்துகினு இருக்குது. ஜரிகையோட வெச்சிப் பூட்டிட்டேன்."

அந்த வீட்டில் விலையுள்ளது எதுவானாலும் ஜரிகையோடு பூட்டப்படும், அது மாமனார் வைத்த சட்டம். சுற்றிலும் இரும்பு, நடுவில் கட்டுக்கட்டாக ஜரிகை. சிரிப்பதா அழுவதா என்று சுகன்யாவுக்குத் தெரியவில்லை.

"இரும்பத் தாண்டி சிக்னல் வராது மாமா. சாவிய ஜல்தியா குடுங்க."

ரவுட்டர் வெளியே வந்ததும் இரண்டு கோடு. அது போதாது, படம் நின்று நின்று வரும். ஒயர் எட்டிய வரைக்கும் இழுத்து நடு அறை வாசலுக்குக் கொண்டுவந்தாள். தலைக்கு மேலே தூக்கினால் நாலு கோடு, இறக்கினால் மறுபடி இரண்டு. மாட்டிவைக்க ஓர் ஆணிகூட இல்லை. மணி பத்து ஐம்பத்தெட்டு.

"குடு இப்பிடி," என்று தணிகாசலம் வாங்கி, இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார். "நீ போய்ப் பேசு."

கால் வந்தது. படம் பளிச்சென்று தெரிந்தது. அரக்குப் புடவையின் கரையில் நெற்கதிர்கள், ஒவ்வொரு கதிரிலும் ஒரு சிட்டுக்குருவி. லேப்டாப்பைக் கரையோரமாக மெல்ல நகர்த்தினாள் சுகன்யா. காவ்யா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"இதையே முடிச்சிடுங்க," என்றாள் பிறகு. "இத வரைஞ்சது யாரு? பெரியவரா?"

முப்பது வருடமாக அந்த வீட்டு டிசைன் எல்லாம் தணிகாசலம் பெயரில்தான் போயிருக்கிறது. ஆமாம் என்று சொல்லத்தான் சுகன்யா வாயெடுத்தாள். அதற்குள் நடு அறை வாசலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"எங்க மருமவ போட்டதும்மா. நான் டப்பா புடிச்சிகினு நிக்கிறேன், அவ்ளோதான்."

சுகன்யாவுக்குத் திரை மங்கலாகிவிட்டது. சிக்னலில் ஒரு குறையும் இல்லை, நாலு கோடும் அப்படியே இருந்தன.