ஆள் பார்த்து எடுத்த ரத்தம்

கர்ப்பிணிகள் வரிசையில் ஓரகத்திகள் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் வங்கி அதிகாரி. இளையவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவள். இருவருக்கும் மூன்றாம் மாதம்.

“வீட்ல தொட்டில் ஒண்ணுதான் இருக்கு. நான்தான் முதல்ல பெத்துப்பேன், பாருங்கக்கா.”

“பெத்துக்கோ. தூக்கம் கெட்டு அலையவும் நீயே முதல்ல போ!”

யாருக்கு எந்தப் பரிசோதனை என்று பிரிப்பவள் நர்ஸ். அவளிடம் இருவரும் ஒன்றையே சொன்னார்கள்: உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. மூத்தவளைத் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பினாள். இளையவளிடம், “நாள் முழுக்க நின்னு இஸ்திரி போடுற. களைக்காம என்ன செய்யும்? நல்லா சாப்பிட்டுத் தூங்கும்மா” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் பிரித்தார்கள். இளையவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

தைராய்டு, கழுத்தின் முன்புறம் இருக்கும் சிறிய சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்று சொல்வது அதன் சுரப்புதான். கருவிலிருக்கும் குழந்தைக்கு முதல் மாதங்களில் சொந்தச் சுரப்பு கிடையாது. தாயிடமிருந்துதான் போக வேண்டும். தாய்க்கு அது குறைந்தால் களைப்பு வரும், மலச்சிக்கல் வரும், உடம்பு கனக்கும். கர்ப்பத்திலும் இவையெல்லாம் உண்டு. அதனால்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தம்தான் சொல்லும்.

மூத்தவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. இளையவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. பிறகுதான் அவள் ரத்தத்தை எடுத்தார்கள். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது.

“இதுனாலதானா டாக்டர்?”

“அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இருக்கலாம். முதல்லயே தெரிஞ்சிருந்தா தினம் ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருப்போம்.”

அந்த மாத்திரையை வாங்க மறுமாதம் வந்திருந்தாள். நர்ஸின் எதிரே வேறொரு கர்ப்பிணி நின்றாள்.

“காலைல எந்திரிக்கவே முடியல சிஸ்டர்.”

“என்ன வேலை பாக்குற?”

“ஆபீஸ்ல தரை துடைக்கிறேன்.”

“பின்ன என்ன? குனிஞ்சு நிமிர்ந்தா அசதியாத்தான் இருக்கும்.”

இளையவள் வரிசையை விட்டு விலகி மேஜை முன்னால் வந்தாள். “அவங்க ரத்தத்தை முதல்ல எடுங்க சிஸ்டர். வேலையை அப்புறம் கேக்கலாம்.”

நர்ஸுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. “நீ யாரும்மா நடுவுல?”

“உழைக்கிற உடம்புக்கும் நோய் வரும்னு எனக்குக் குழந்தை போனப்புறம்தான் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரிய இன்னும் எத்தனை பேர் குழந்தை போகணும்?”