முப்பத்து மூன்று குப்பிகள்

…அப்படியானால் திருடவில்லை என்றுதானே அர்த்தம், இல்லை, அவசரப்படாதே, இன்னொரு தடவை முதலிலிருந்து படி என்று தன்னையே அதட்டிக்கொண்டு அப்பாவின் ராணுவக் கோப்பை முதல் பக்கத்துக்குப் புரட்டினாள். வயது இருபது, உயரம் ஐந்தடி நான்கங்குலம், இடது புருவத்தில் தழும்பு, முந்தைய தொழில் தையல்கடை உதவியாள்… அப்பாவுக்குத் தைக்கத் தெரியுமா, ஒரு பொத்தான்கூடத் தைத்து அவள் பார்த்ததில்லையே. மூன்று ஆண்டுகள் ராணுவ மருத்துவப் பிரிவில் ஆர்டர்லி, கட்டுப் போடுவது, படுக்கை மாற்றுவது, வெட்டியெடுத்த கால்களைக் கொண்டுபோய்ப் புதைப்பது, அதையும் ஒரு வேலையாக எழுதிக் கீழே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிறகு அந்தச் சிவப்பு முத்திரை. மருந்துத் திருட்டுக்காகப் பணிநீக்கம், ஓய்வூதியம் இல்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் சித்தப்பா கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், "அண்ணன் வந்தாச்சு, மாத்திரையெல்லாம் பத்திரமா எடுத்து வைங்கப்பா" என்று சிரித்தார், அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தாரே, அதைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை. இந்த ஒரு வரியை அழிக்கத்தான், அப்பா போன பிறகு, தம்பி ஆறு மாதமாக மனு மேல் மனு எழுதி, கடைசியில், "அக்கா, நீதான் போய்ப் பாக்கணும், மருந்து விஷயம் எனக்கு என்ன புரியும்" என்று அவளை இந்த ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறான். முப்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தவளுக்குப் புரியாதா என்ன… புரிந்துவிட்டது, அதுதான் தொல்லை.

விசாரணைத் தாளில் காணாமல் போனவை முப்பத்து மூன்று மார்ஃபின் குப்பிகள். அப்பாவின் வாக்குமூலம் ஒன்றரை வரி: நானே எடுத்தேன், என் சொந்த உபயோகத்துக்கு. அதோடு முடிந்திருந்தால் கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள், ஆனால் அதற்குப் பின்னால், வேறு யாருக்கோ சொந்தமான தாள் மாதிரி, துருப்பிடித்த குண்டூசியில் ஒரு பட்டியல் தொங்கியது. மருத்துவ முகாமைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு, இரண்டே லாரி, எதிரி ஆற்றைத் தாண்டியாயிற்று, தூக்கிப்போக முடியாதவர்கள் பதினொரு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டாக்டரின் அதே சாய்ந்த கையெழுத்தில், காயத்தால் இறந்தார், காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே. லாரி புறப்பட்டது பத்தேகாலுக்கு. பதினொரு பேரும் ஒரே மணி நேரத்திலா? வயிறு கிழிந்தவனும் முதுகெலும்பு நொறுங்கியவனும் பேசி வைத்துக்கொண்ட மாதிரியா? ஒரு குப்பி போட்டால் வலி அடங்கும், மனிதன் தூங்குவான். மூன்று போட்டால்… பதினொன்று மூன்று முப்பத்து மூன்று, இந்தக் கணக்குக்கு மருந்தகப் படிப்புகூடத் தேவையில்லை. டாக்டர் சொல்லித்தான் செய்தாரா? தனக்கு எதுவும் தெரியாது என்றல்லவா டாக்டர் விசாரணையில் சொல்லியிருக்கிறார். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி, "அந்த மருந்து அலமாரிச் சாவி யாரும்மா வச்சிருப்பாங்க?" அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது, இந்த வயதிலும் புத்தி போகவில்லையே என்று நினைத்தாள், அன்றிலிருந்து அவரை மருந்தகத்து வாசல்படி ஏறவிட்டதில்லை, ஒருமுறை குடை கொண்டுவந்தவரை மழையிலேயே நிற்க வைத்து வாங்கிக்கொண்டு அனுப்பினாள், அவரும் ஒன்றும் கேட்காமல் முழுக்க நனைந்துகொண்டே போனார்.

கைப்பேசி மேசையில் அதிர்ந்தது, ஆவணக்காப்பாளர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார், அவள் வராந்தாவுக்குப் போனாள். "என்னக்கா, ஏதாவது கிடைச்சுதா? அப்பா எடுக்கலைன்னு இருக்கா?" எத்தனை ஆசையாகக் கேட்கிறான், பள்ளிக்கூடத்தில் திருடன் மகன் என்று அடி வாங்கியவன் அவன்தானே. இதைச் சொன்னால் நாளைக்கே அடுத்த மனு எழுதுவான், பட்டியலை வெளியே எடுப்பார்கள், பதினொரு வீடுகளில் காயத்தால் இறந்தார் என்ற கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்களே, அந்த வீட்டுப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கேட்பார்கள்… "எடுத்ததாத்தான் இருக்குடா. அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு." தம்பி பேச்சை மாற்றினான். "சரி விடு. சாப்பிட்டியா? வெயில்ல நிக்காத, வந்து சேரு." அதைச் சொன்னபோது தன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாவம் பார்த்துத்தான் சொன்னாள், அந்தப் பதினொரு வீட்டுக்காகத்தான்… அப்படித்தானா? திருடனின் மகளாக இருப்பது பழகிவிட்டது, சட்டை மாதிரி, அதைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பயந்துதானே சொன்னாள்? அப்பாவுக்கும் திருடன் என்ற சொல் அப்படித்தானோ, சுமந்துகொண்டிருந்தார் என்று நினைத்தாளே, உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டல்லவா இருந்திருக்கிறார், சித்தப்பாவின் சிரிப்போடு சேர்ந்து சிரித்துக்கொண்டு. காயம்பட்டுக் கிடந்தவர்கள் கெஞ்சியிருப்பார்கள், எதிரி கையில் விட்டுவிட்டுப் போகாதே தம்பி என்று கையைப் பிடித்திருப்பார்கள், அவரும் பிடித்த கையிலேயே ஊசியை… ஆமாம், அப்படித்தான் இருக்கும். உள்ளே போய்க் கோப்பை நீட்டினாள். "நகல் ஏதாச்சும் வேணுமாம்மா?" "வேண்டாம்." பட்டியல் தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஆவணக்காப்பாளர் விரலால் தட்டி உள்ளே தள்ளிவிட்டு நாடாவைக் கட்டினார். கடைசிப் பெயருக்கு வயது பத்தொன்பது என்று போட்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கெஞ்சியிருப்பார்கள், சரி… பதினொரு பேருமா?