மூன்று இடக்கைகள்

“இந்தக் குப்பையை அள்ளிட்டுப் போய் என்னம்மா பண்ணப்போறே?”

ஏழு வருடங்களுக்கு முன்னால் தையற்கடையின் கட்டிங் மாஸ்டர் கேட்ட கேள்வி இது. அப்போது சின்னவள் அந்தக் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கிளம்பிய பிறகு வெட்டுமேசைக்கு அடியில் குனிந்து துண்டுத்துணிகளைப் பொறுக்கியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடந்தால் சத்தம் கேட்காது, கூப்பிட்டால் பதில் வராது என்பதால் கடையில் அவளுக்குப் ‘பூனை’ என்று பெயர். பூனை அன்றைக்கும் துணியைச் சுருட்டிக்கொண்டு நழுவிவிட்டது.

பத்து நாள் கழித்துப் பதிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சட்டைத்துணி, கவுன் துணி, பள்ளிச் சீருடைத் துணி என்று உள்ளங்கையளவுத் துண்டுகளை ஒட்டி, நடுவில் பழைய கம்பளியைக் கொடுத்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட போர்வை. மாஸ்டர் அதை விரித்துப் பார்த்தார், மடித்துப் பார்த்தார், கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தார்.

“அடேயப்பா! நான் வெட்டி எறிஞ்சதா இது?”

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் அவளுக்கென்று ஒரு மூட்டை ஒதுங்கியது. அந்த மூட்டைகளை நம்பித்தான் சின்னவள் கடை வேலையை விட்டுவிட்டு அக்காவோடு வீட்டில் உட்கார்ந்தாள். மாடியில் ஒற்றை அறை. சன்னலோரம் தையல் இயந்திரம், சுவரோரம் நிறம் பிரித்துக் கட்டிய மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவே படுக்க இரண்டு ஆள் இடம். தங்கைக்குக் கை, அக்காவுக்கு வாய் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தைப்பது இவள், வாங்க வருகிறவர்களிடம் மல்லுக்கட்டுவது அவள்.

கொஞ்ச நாளிலேயே சின்னவளுக்கு ஒன்று புலப்பட்டது. மற்றக் கடைகளில் விழுகிற துண்டுகள் வாலும் மூக்குமாக, எதற்கும் உதவாத கோணல்களாக இருக்கும். மாஸ்டரின் மூட்டையில் மட்டும் கையகலத்தில் நீளநீளமான பட்டைகள் வந்தன. துணியை இரண்டாக மடித்து, ஒரே வெட்டில் சட்டையின் வலக்கையையும் இடக்கையையும் எடுத்துவிடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். மாஸ்டர் மடிப்பதில்லை. ஒற்றையாக விரித்து, காகித அச்சை ஒரு கைக்கு நேராகவும் மறு கைக்குப் புரட்டியும் வைத்து, நகர்த்தி நகர்த்தி நெருக்கி, ஓரத்தில் ஒரு பட்டையை மிச்சம் பிடித்தார். அவருக்கு வேலை இரட்டிப்பு. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வெட்டும்போதே தன்னை நினைத்து ஒருவர் வெட்டுகிறார் என்று தெரிந்த நாளில் சின்னவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண் அப்படி நிறைந்துகொண்டே இருந்தது.

ஏழாவது வருடம் மூட்டை மாறியது. வெட்டின ஓரம் அலை அடித்தது. சாக்பீஸ் கோடு ஒரு பக்கம் போக, கத்தரி ஒரு பக்கம் போயிருந்தது. கறுப்போடு கருநீலமும் ஒரே கட்டில் வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, மூட்டையின் அடியில் சுருட்டித் திணித்த ஒரு முழுக்கை. கோட்டு தைக்க வெட்டிய கருநீலக் கை. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மூன்றாவது.

“நமக்கு யோகம்தான் போ. இனிமே சில்லறைத் துண்டு இல்லை, முழுசு முழுசா வருது” என்றாள் அக்கா. மூன்றையும் தரையில் பரப்பியவள், தன் கையை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தாள். “ஏய், மூணுமே இடது கைடி! மாஸ்டர் யாருக்குத்தான் தைக்கிறாரு, நண்டுக்கா?”

சின்னவள் சிரிக்கவில்லை. கருநீலத் துணிக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அது தெரியாமல், அச்சைப் புரட்டினோமா இல்லையா என்று குழம்பி, இரண்டு கைகளையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கிறார். தப்பானதை மூட்டைக்குள் ஒளித்துவிட்டு, இருந்த பட்டைகளை இழுத்துப்பிடித்து வேறு கை எடுத்திருக்கிறார். மடித்து வெட்டியிருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காது.

“அக்கா, மாஸ்டருக்குக் கண் தெரியலை.”

“ஐயையோ. முதலாளிக்குத் தெரிஞ்சா?”

தெரிந்தால் அன்றோடு சரி. அது இருவருக்குமே தெரியும்.

திங்கட்கிழமை மதியம், முதலாளி சாப்பிடப் போகும் நேரம் பார்த்துச் சின்னவள் கடைக்குப் போனாள். தையற்காரர்கள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் மேசைமேல் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தார்.

“யாரது?”

அவள் மூன்று கைகளையும் மேசைமேல் வைத்தாள். அவர் விரலால் தடவினார். பார்க்க வேண்டியிருக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

“பூனையா? முதலாளிகிட்ட காட்டிட்டியா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“ஆட்டுனியே, ஆமான்னா, இல்லைன்னா? எனக்குத் தெரியலைம்மா. வாயைத் திறந்து சொல்லு.”

“இல்லை.”

மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்தார். “ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணினா பளிச்னு தெரியுமாம். ஆனா ஒரு மாசம் குனியக்கூடாது, கத்தரி தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்றார். ஒரு மாசம் இந்த மேசையைக் காலியா விட்டுவைப்பாரா முதலாளி? மூணாம் நாளே வேற ஆள் வந்து நிப்பான். அப்புறம் கண்ணு தெரிஞ்சு என்னத்தைப் பார்க்கிறது, வீட்டுச் சுவரையா?”

“எனக்காகத்தான் மடிக்காம வெட்டுனீங்க.”

“யார் சொன்னா?”

“துண்டு சொல்லுச்சு.”

அவர் கருநீலக் கைகளைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினார்.

“அந்த ஒரு மாசம் நான் வெட்டறேன் மாஸ்டர்.”

“நல்ல கதை! போர்வைக்குச் சதுரம் வெட்டறதும் கோட்டு வெட்டறதும் ஒண்ணா?”

அவள் பழுப்புக் காகிதத்தை இழுத்தாள். சாக்பீஸை எடுத்துக் கைக்குழி வளைவைப் போட்டாள், கழுத்தைப் போட்டாள், காலரைப் போட்டாள். கத்தரியை ஓடவிட்டு, வெட்டின ஓரத்தை அவர் கட்டைவிரலுக்கடியில் வைத்தாள். அவர் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். வளைவு திரும்பும் இடத்தில் விரல் நின்றது.

“இது என் வளைவாச்சே. யாருக்கும் நான் காட்டினதே இல்லையே!”

“நீங்க எடுத்தது போக மிச்சமெல்லாம் என்கிட்டதானே வந்துச்சு. சட்டையை எடுத்துட்டா சட்டை மாதிரியே ஒரு ஓட்டை இருக்கும்ல? ஏழு வருஷமா அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்.” இவ்வளவு நீளமாகப் பேசி அவளுக்கே மூச்சு வாங்கியது.

அன்றைக்கே மாஸ்டர் முதலாளியிடம் எல்லாவற்றையும், மூன்று கைகள் உட்பட, ஒளிக்காமல் சொன்னார். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். பிறகு, “பூனை கையில கத்தரியைக் குடுக்கச் சொல்றீங்களா?” என்று சிரித்தார். பிறகு ஒரு கோட்டுத்துணியை எடுத்து அவள் முன்னால் போட்டார். சுற்றி நின்ற கூட்டத்தில் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துக் கத்தரி வழுக்கியது. ஆனாலும் வெட்டினாள். சாயங்காலம் கோட்டு தைத்து மாட்டியபோது இழுக்கவில்லை, தொங்கவில்லை.

“சரி. ஒரு மாசம். ஒரு துணி கெட்டாலும் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்.”

அந்த மாதம் முழுக்கச் சின்னவள் நின்றுகொண்டே வெட்டினாள். மாஸ்டரின் முக்காலியைத் தினமும் துடைத்தாளே தவிர, அதில் உட்காரவில்லை. முழுத்துணியை மேசையில் விரிக்கும்போதெல்லாம் தான் அடுத்தவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்துவிட்டாற்போல் கூச்சமாக இருந்தது. இத்தனை பெரிய துணியில், கூடுதல் வேலை இழுத்துப்போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு பட்டையை ஒதுக்கிய மனதை நினைத்துக்கொள்வாள். உடனே கை தெளிந்துவிடும்.

வீட்டில் போர்வை வேலை அக்கா தலையில் விழுந்தது. அவள் தையல் போன போக்கைப் பார்த்துச் சின்னவள் திகைத்தபோது, “தூங்கத்தானே வாங்கறாங்க? கண்ணை மூடிட்டா கோணல் எங்கேடி தெரியப்போகுது?” என்றாள் அக்கா.

ஒரு மாதமும் நாலு நாளும் ஆனபோது மாஸ்டர் வந்தார். வாசலில் நின்று, நூல்கண்டு அடுக்கைப் பார்த்து, “பச்சையிலேயே இத்தனை இருந்துச்சா!” என்றார். இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மேசையருகே நின்றாள். அன்று மாலையே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவரின் கோட்டுத்துணி, பாதி வெட்டிய நிலையில் அவள் முன்னால் கிடந்தது.

முதலாளி எழுந்து வந்து மாஸ்டரின் தோளைத் தட்டினார். “கண்ணு வந்துடுச்சா, ரொம்ப சந்தோஷம். இனிமேலாவது வீட்டுல நிம்மதியா இருங்க மாஸ்டர். பூனை வெட்டுல ஒரு குறை சொல்ல முடியலை, வயசும் கம்மி. என்ன பூனை, நீயே இருந்துடு.”

சிரிப்பு நின்றுபோயிற்று. மாஸ்டர் புதுக்கண்ணால் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். “நல்லாத்தான் வெட்டறா” என்றார், மெதுவாக. அதில் பொய்யே இல்லை.

சின்னவள் கத்தரியைத் துணியிலிருந்து உருவினாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, பாதி வெட்டிய கோட்டின் மேல் சுருட்டி வைத்தாள். கத்தரியின் முனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிடியை மாஸ்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார். அவள் கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் விரல்கள் தாமாகவே பிடிக்குள் நுழைந்துகொண்டன.

“ஏய், கோட்டு பாதியில நிக்குதே! சாயங்காலம் ஆள் வந்துடுவாரு” என்றார் முதலாளி. “இருக்கியா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போம்மா.”

மாஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சின்னவள் மேசைக்கடியில் இருந்த மூட்டையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவரைப் பார்த்து ஒருதரம் கைகூப்பிவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கிப் போனாள்.