பாப்பாத்தி பிடித்த மட்டம்

என் கணவர் ஜெயச்சந்திரனுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆடி மாதத்தில்தான் பாப்பாத்தி முதன்முதலாக எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். காம்பவுண்டுக்குள் இடுப்பளவு மண்டிக்கிடந்த பார்த்தீனியத்தை வெட்டிப் போட வேண்டும் என்றுதான் அவளைக் கூப்பிட்டிருந்தேன்.

திருச்சானூரைத் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் எங்கள் வீடு. ஐந்து சென்ட் மனையில் வீடு போக, முன்னாலும் பக்கங்களிலும் கொஞ்சம் இடம் உண்டு. கட்டிய மேஸ்திரி மிஞ்சிய ஜல்லி, உடைந்த டைல்ஸ், இறுகிப்போன சிமெண்டு மூட்டை எல்லாவற்றையும் அங்கேயே தள்ளி, மேலே கிராவல் மண்ணைப் பரப்பிவிட்டுப் போய்விட்டார். பார்த்தீனியம் தவிர அதில் வேறொன்றும் முளைத்ததில்லை. நான் ஸ்ரீசிட்டியில் செல்போன் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். காலை ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு பஸ் ஏற வேண்டும். மகள் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தோட்டத்தை யார் பார்ப்பது?

என் கணவர் திருமலைப் பாதையில் பதினேழு வருடம் பக்தர்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவர். வலது கையும் காலும் தளர்ந்துபோன பிறகு ஜன்னலோர நாற்காலியே அவருடைய இடமாகிவிட்டது. நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார், நானும் சொன்னேன், மகள் போனில் அழுதுகூடப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டு நடப்பதைத் தெரு பார்க்கும் என்று அவர் வாசற்படியைத் தாண்டவே இல்லை.

ஒருநாள் ஜன்னலுக்குக் கீழே முழு நீளத்துக்குப் பாம்புச் சட்டை கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர் மட்டும் அசையவில்லை.

"அதுவா? ரெண்டு வாரமா வந்துக்கினுதான் கீது. காலைல எட்டரைக்குச் செவுத்தோரமா வரும். மோட்டாருக்குப் பின்னாடி பூடும்" என்றார்.

அன்றைக்கே என்னோடு வேலை செய்யும் நந்திதாவிடம் கேட்டு நம்பர் வாங்கினேன். அவள் வீட்டுத் தோட்டத்தைப் பராமரிப்பவள்தான் பாப்பாத்தி.

வெதுருகுப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கடப்பாரை, கையில் சாக்குப் பை. வந்ததும் வெட்ட ஆரம்பிப்பாள் என்று பார்த்தால், செடிகளை விலக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள். அங்கங்கே நின்று கடப்பாரையைக் குத்தி, அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டாள். எல்லா இடத்திலும் டங், டங் என்றுதான் கேட்டது.

நான் என் திட்டத்தைச் சொன்னேன். முன்னால் கொரியன் புல், மற்ற இடமெல்லாம் பார்க்கிங் டைல்ஸ். கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் அப்படித்தான் இருக்கும்.

"புல்லு மேல யாருக்கா நடப்பாங்க?"

"யாரும் நடக்க வேண்டாம். பார்க்க அழகா இருக்கும்."

"பாக்கறதுக்குன்னா ஒரு போட்டோ வாங்கி மாட்டிக்கோயேன்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, "மழ வந்தா தண்ணி எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இருட்டில் போய்க் களைத்து வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"மொதல்ல மோட்டார்கிட்ட நிக்கும். அப்புறம் மெதுவா படிக்கு வரும். போன வருசம் ரெண்டாவது படி வரிக்கும் ஏறிச்சு."

பாப்பாத்தி கடப்பாரையைச் சாய்த்துவிட்டு ஜன்னலருகே போனாள். "வெயிலு எங்கண்ணா மொதல்ல வுழுது?" என்று ஆரம்பித்தவள் அரைமணி நேரம் அங்கேயே நின்றாள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு செங்கல் துண்டால் சுவரில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள். எந்த மூலையில் காற்று அடிக்கும், எந்த இடம் பத்து மணிக்கே சுடும், பக்கத்து மாடியின் நிழல் எந்த மாதத்தில் எதுவரை நீளும், எல்லாம் அவரிடம் இருந்தது. பதினோரு மாதம் அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீ டம்ளரோடு நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாலு நாள் பாப்பாத்தி மண்ணைத் தோண்டினாள். அந்த வெயிலில் அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. அவசரம் கிடையாது, நிற்பதும் கிடையாது. கல்லைத் தனியாக, டைல்ஸ் துண்டைத் தனியாக, சிமெண்டுக் கட்டியைத் தனியாகக் குவித்தாள். அவள் கணவர் ரமணா டிராக்டர் கொண்டுவந்து சிமெண்டுக் கட்டியை மட்டும் ஏற்றிப்போனார். திரும்பும்போது வண்டலும் மக்கிய எருவும் கலந்த மண்ணும், இரண்டு மூட்டை வேர்க்கடலைத் தோலும் கொண்டுவந்து இறக்கினார். கல்லையும் டைல்ஸையும் அவள் தொட விடவில்லை.

சாப்பிடும்போது தன் கதையைச் சொன்னாள். அவளுடைய நைனாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, கடைசிவரை கூலிதான். இவளும் கல்யாணத்துக்குப் பிறகு ரேணிகுண்டா ரோட்டில் ஒரு நர்சரியில் பத்து வருடம் கூலிக்குப் போனாள். இப்போது ஊரில் ஒன்றே கால் ஏக்கர் அவர்களுடையது. பாதியில் கடலை, பாதியில் சாமந்தி. வாரத்தில் நாலு நாள் திருப்பதியில் வீட்டுத் தோட்டங்கள். "நர்சரில செடிய வளத்து வித்துட்டு இருந்தேன். வாங்கினு போனவங்க வூட்ல அது என்னா ஆச்சுன்னு தெரியாது. அத்த பாக்கணும்னு ஆச, அதான் இந்த வேல" என்றாள்.

ஐந்தாவது நாள் எனக்கு வார விடுமுறை. பாப்பாத்தி பையிலிருந்து உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பினாள். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதுதான். ஒரு முனையை அவள் கேட்டருகே பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஒருவர் படியருகே பிடிக்க வேண்டும். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"நீ வேணாக்கா. அண்ணா புடிக்கட்டும்."

வேண்டாம் என்று நான் ஜாடை காட்டினேன். அவள் அதைக் கவனிக்காதது போல ஜன்னலைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"மலமேல வண்டி ஓட்னவரு. எது மேடு, எது சரிவுன்னு உன்னவிட அவருக்குத்தான் தெரியும்."

நான் அவமானத்தால் குறுகினேன். கோபம்கூட வந்தது. பிறகு உள்ளே கைத்தடி தரையில் ஊன்றும் ஓசை கேட்டது. ஒரு ஊன்றல், ஒரு இழுப்பு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். தலை சீவவில்லை, முகத்தில் ஒரு வாரத் தாடி. மெதுவாகப் படியில் காலை வைத்தார். நான் ஓடிப்போய்ப் பிடிக்க நினைத்து, எப்படியோ என்னை அடக்கிக்கொண்டேன்.

தடியைத் தூணில் சாய்த்துவிட்டு, தோளைத் தூணோடு அணைத்துக்கொண்டு, இடதுகையால் டியூபைப் பிடித்தார். கை நடுங்கியது. டியூபில் தண்ணீர் மேலும் கீழும் துள்ளியது.

"கை ஆடுதும்மா."

"ஆடட்டும்ணா. நிக்கற வரிக்கும் நானும் நிக்கறேன்."

வெயிலில் இரண்டு பேரும் நின்றார்கள். தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். என் கணவர் அதைக் கவனிக்கவில்லை, கண் டியூபில் ஆடிய தண்ணீரிலேயே இருந்தது.

"நின்னுச்சு" என்றார்.

பாப்பாத்தி அவள் பக்கத்தில் கோடு போட்டாள். "சரே. இப்ப அந்தக் குழாயண்ட வாங்கண்ணா." குழாய் நாலடி தூரத்தில் இருந்தது. அங்கிருந்து ஜன்னலோரம், அங்கிருந்து சமையலறைச் சுவர். மதியத்துக்குள் அவர் பாதி வீட்டைச் சுற்றி வந்துவிட்டார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

பல நாள் கழித்து அவளிடம் கேட்டேன், அன்றைக்கு வேண்டுமென்றேதான் அவரைக் கூப்பிட்டாயா என்று. "டியூபப் புடிக்க ஒரு ஆளு தேவப்பட்டுது. அந்தே, அவ்ளோதான்" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை.

அந்த மட்டத்தை வைத்துத்தான் எல்லாம் வந்தது. வீட்டிலிருந்து மதில் பக்கமாக மண்ணைக் கண்ணுக்குத் தெரியாத சரிவில் இறக்கினாள். படியிலிருந்து வீட்டைச் சுற்றிச் செங்கல் பாதை. தடியோடு ஒருவர் தாராளமாக நடக்கும் அகலம், எங்கும் படிக்கட்டு கிடையாது. மதிலோரம் ஆழமில்லாத ஒரு வாய்க்கால். தோண்டியெடுத்த கற்களை அதில் பதித்தாள். அது கேட்டருகே மதிலில் போட்ட துளை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். உடைந்த டைல்ஸ் பாத்திகளுக்கு விளிம்பாக நின்றது. சமையலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வாழையும் கல்வாழையும். வெயில் பக்கம் எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை. ஜன்னலுக்கு நேரே செம்பருத்தி வைக்கலாமே என்றேன்.

"அங்க எதுவும் வேணாம். அண்ணா பாக்கணும்" என்றாள்.

ஒரு இடத்தில் அவளுக்கும் தவறியது. தெற்கு மதிலோரம் மல்லிகை வைத்தாள். ஐப்பசிக்கு மேல் அந்த இடத்தில் மாடி நிழல் விழும் என்று அவர் சொன்னார். "அதெல்லாம் வெயிலு வரும்ணா" என்று நட்டுவிட்டாள். தீபாவளி கழிந்ததும் கொடி வெளுத்து, மொட்டே இல்லாமல் நின்றது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தவள் நேராக அவரிடம் போனாள்.

"நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. என் தப்புண்ணா."

அன்றே வேர் மண் உதிராமல் எடுத்துக் கிழக்கே மாற்றி வைத்தாள். பன்னிரண்டு வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். தன் தப்பு என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் சேர்க்காத ஆளை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்தோறும் அவள் வருவாள். மற்ற நாட்களுக்கு அவரிடம் வேலை கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, களைக்கொட்டால் கோரையைக் கிழங்கோடு எடுக்க வேண்டும். கிழங்கு அறுந்தால் அடுத்த வாரம் அவளிடம் பேச்சு வாங்குவார். எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் அவரைத் திட்ட அப்போது வேறு யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் அந்த மழை வந்தது. ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் கிளம்பிய பஸ் காளஹஸ்தி தாண்டியதும் நின்றுவிட்டது. ரோட்டின் மேல் தண்ணீர். அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பத்துத் தடவையாவது அடித்திருப்பேன். வழுக்கி விழுந்திருப்பாரோ, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருக்குமோ என்று என்னென்னவோ ஓடியது. கடைசியில் லேஅவுட் முனையில் இறங்கி, அங்கே தேங்கிய முழங்கால் தண்ணீரைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து, மேடான எங்கள் தெருவுக்குள் ஏறி வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை.

கேட்டருகே, வாய்க்கால் துளையின் பக்கத்தில், சேற்றில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். இடதுகையில் களைக்கொட்டு. பக்கத்தில் குப்பை ஒரு குவியல்: பால் பாக்கெட், வாழைச்சருகு, யாரோ விட்டெறிந்த சிப்ஸ் கவர்.

"என்னங்க இது!" என்று கத்தினேன்.

"மூணு தபா அடச்சிக்கிச்சு ப்ரியா. மூணு தபாவும் எடுத்துட்டேன். படியப் பாரு" என்றார்.

பார்த்தேன். முதல் படிகூட நனையவில்லை என்று சொல்ல முடியாது, மழையில் நனைந்துதான் இருந்தது. ஆனால் தண்ணீர் அங்கே வரவே இல்லை. வாய்க்கால் முழுக்கச் செம்மண் நிறத்தில் சலசலவென்று ஓடி, துளை வழியாக வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிய அந்தச் சிரிப்பை அந்த வியாதிக்குப் பிறகு அன்றுதான் முதலில் பார்த்தேன். நானும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது.

பஸ் ஓட ஆரம்பித்ததும், மூன்றாம் நாள் பாப்பாத்தி வந்தாள். அவர் பெருமையாகச் சொல்லி முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"தண்ணில குந்திக்கினு இருந்தீங்களா? ஜொரம் வந்தா யாருண்ணா பாப்பாங்க? மழயில கேட்டுக்கு வர்றதா இருந்தா ஒரு கொட எடுத்துக்கினு வரத் தெரியாதா?" என்று பொரிந்து தள்ளினாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் கடப்பாரையை எடுத்துத் துளையை இரண்டு மடங்காக்கி, கம்பி வலை வைத்தாள். "இத்த பெருசா வெச்சிருக்கணும். எனுக்குத் தோணாம பூட்சி" என்று முணுமுணுத்தாள்.

பாப்பாத்தி முதலில் வந்து இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. வலதுகை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தினமும் காலையில் வீட்டைச் சுற்றி நடக்கிறார், தெருமுனைக் கடைவரை போய் வருகிறார். போகிறவர்கள் நின்று கறிவேப்பிலை கேட்பார்கள். அவர் பறித்துக் கொடுத்து நாலு வார்த்தை பேசி அனுப்புவார்.

இதில் என் கைவேலை எதுவும் கிடையாது. ஒரு பெண் வந்தாள், மண்ணைப் பார்த்தாள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனையும் பார்த்தாள். இரண்டையும் வீணாக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

நேற்று செவ்வாய்க்கிழமை. சமையலறையில் இருந்தேன். வெளியே இருவருக்கும் சண்டை. கொய்யாவின் தாழ்ந்த கிளையை வெட்ட வேண்டும் என்கிறாள் அவள். அதில் பிஞ்சு இருக்கிறது, விட மாட்டேன் என்கிறார் இவர்.

"பிஞ்சுக்குப் பாத்தா மரம் கெட்டுப்பூடும்ணா!"

"ஒரு மாசம் வுடு. பழுத்ததும் நீயே துன்னுட்டு வெட்டு."

கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே எட்டிப் பார்த்து, டீ இருக்கிறதா என்று கேட்டாள். கிளை அப்படியேதான் இருந்தது.