ஓசூருக்கு அந்தப் பக்கம் நர்ஸ்

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அல்ஃபியா நாலு வருஷமாக வேலை பார்த்தாள். பார்த்தது நர்ஸ் வேலை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது 'உதவியாளர்' என்று. நோயாளிகள் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். டாக்டர் மாதவனும் அப்படித்தான் கூப்பிட்டார். ஆனால் ஊசி போட்டு முடித்ததும் கட்டில் தலைமாட்டில் தொங்கும் சார்ட்டில் அவளால் கையெழுத்துப் போட முடியாது. அதை உடன் வேலை பார்க்கும் நர்ஸ் தமிழ்மணி போடுவாள்.

அல்ஃபியா முறையாகப் படித்தவள்தான். பெங்களூரைத் தாண்டி ஒரு ஊரில் நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்து, கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் வேலையும் பார்த்திருந்தாள். கல்லூரியில் சேர்க்கும்போது அவள் அத்தா அப்துல் சலாம் கேட்காத கேள்வி இல்லை. ஹாஸ்டல் வார்டன் பெண்தானா, சாப்பாடு ஹலாலா, ரம்ஜானில் விடிகாலை ஸஹர் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று எல்லாம் விசாரித்தார். படிப்பு செல்லுமா என்றும் கேட்டார். இந்தியா முழுக்கச் செல்லும் என்றான் சேர்த்துவிட்ட ஏஜென்ட். அதற்கு மேல் என்ன கேட்பது என்று ஜவுளி வியாபாரம் பார்க்கிற மனுஷருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அவர் தெருவிலும் யாரும் இல்லை.

கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிவு செய்யப் போனபோது, அவள் படித்த வருஷங்களில் அந்தக் கல்லூரி அகில இந்தியக் கவுன்சிலின் பட்டியலில் இல்லை, அதனால் இங்கே பதிய முடியாது என்றார்கள். கல்லூரிக்குப் போன் செய்தாள். எங்கள் மாநிலக் கவுன்சில் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, அது போதும், உன்னை யார் இந்த மாநிலத்தை விட்டுப் போகச் சொன்னது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏமாற்றினார்கள் என்றால் ஒருவரைப் பிடித்துச் சண்டை போடலாம். இங்கே சண்டை போட ஆளே இல்லை. ஓசூரைத் தாண்டினால் நர்ஸ், இந்தப் பக்கம் வந்தால் ஒன்றுமில்லை.

கணவன் ஹாலித்துக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. மிஷின்களைப் பெயர்த்துக்கொண்டு பெங்களூர் போக முடியாது. அவள் மட்டும் போய் இருப்பது என்ற பேச்சு ஒருமுறை எழுந்தது. மாமியார் வஹீதா அதை முளையிலேயே நிறுத்தினாள். அவளுடைய கணவர் இருபது வருஷம் துபாயில் இருந்தவர். மகன் வாப்பாவைப் பார்த்ததைவிட அவர் குரலைப் போனில் கேட்டதே அதிகம்.

"இந்த வீட்டுல ஒருத்தர் போய் இருந்தது போதும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பிறகுதான் டாக்டர் மாதவனின் ஆஸ்பத்திரி கிடைத்தது. அவர் அவளுடைய கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வேலை தெரிந்த ஆள் எனக்கு வேண்டும், பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. தமிழ்மணி மருங்காபுரிப் பக்கத்துப் பெண், படிப்பை முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ்நாட்டுப் பதிவு இருந்தது, கை இன்னும் பழகவில்லை. கஷ்டமான நரம்பு என்றால் அக்கா வாங்க என்று கூப்பிடுவாள். அல்ஃபியா போடுவாள், தமிழ்மணி கையெழுத்திடுவாள். நாளாக ஆக, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மருதை வந்து சேர்ந்தார். திருவானைக்காவலில் வாழை இலை மண்டி வைத்திருப்பவர். காலில் புண் சீழ் பிடித்துக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் ஊசி எழுதியிருந்தார் டாக்டர். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. தமிழ்மணி கீழே வெளிநோயாளிப் பிரிவில் இருந்தாள். அல்ஃபியா முதலில் அவருடைய முன்கையில் துளி மருந்தை ஏற்றிக் காத்திருந்து பார்த்தாள். தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. அதன் பிறகே மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினாள். பக்கத்தில் மகள் வேணி உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்து முழுக்க ஏறுவதற்குள் மருதையின் உதடு வீங்கத் தொடங்கியது. மூச்சு சீழ்க்கை அடிப்பதுபோல இழுத்தது. அல்ஃபியா மருந்தை நிறுத்தினாள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள், அவசர மருந்துத் தட்டை இழுத்து அட்ரினலினை எடுத்தாள். டாக்டர் மாதவன் ஓடி வந்து போடு என்ற கணமே தொடையில் போட்டாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள். திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்றைய சார்ட்டிலும் வழக்கம்போலத் தமிழ்மணி கையெழுத்திட்டாள்.

யாருக்கும் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய ஒவ்வாமை அது. யார் போட்டிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் மருதையின் மகனுக்கு அது எப்படித் தெரியும்? நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அப்பாவை ஊசி போட்டுச் சாகடிக்கப் பார்த்தார்கள் என்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டான். மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது.

டாக்டர் மாதவன் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தாலும் குரல் தணிந்தே இருந்தது.

"நீயும் தப்புப் பண்ணலம்மா, தமிழ்மணியும் பண்ணல. சார்ட்ல இருக்கிறபடி தமிழ்மணி போட்டதாவே இருக்கட்டும். டெஸ்ட் டோஸ் குடுத்தது, அட்ரினலின் குடுத்தது, எல்லாம் அதுல சரியா இருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் நீ லீவு எடுத்துக்கோ."

தமிழ்மணி தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அல்ஃபியாவும் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? உண்மையைச் சொன்னால் பதிவில்லாமல் நாலு வருஷம் ஊசி போட்ட குற்றம் அவளுடையது. சொல்லாவிட்டால், அறையிலேயே இல்லாத ஒரு பெண் அறையில் நடந்ததற்குப் பதில் சொல்லவேண்டும்.

விசாரணை நாளன்று அவள் பாலக்கரையில் வீட்டில் இருந்தாள். மகள் ஸஹ்ராவுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினாள். வெங்காயம் உரித்தாள், உரித்ததையே மறுபடியும் கழுவினாள். முற்பகலில் தமிழ்மணி போன் செய்தாள். கழிவறைக்குள் நின்று பேசுகிறாள் என்பது குரலின் எதிரொலியிலேயே தெரிந்தது.

நடந்தது இதுதான். மருதையின் மகன் கத்திவிட்டு உட்கார்ந்த பிறகு மகள் வேணி எழுந்திருக்கிறாள். அண்ணன் அங்கே இல்லை, நான்தான் இருந்தேன், தலையில் ஸ்கார்ஃப் கட்டின ஒரு சிஸ்டர்தான் அப்பா உயிரைக் காப்பாற்றியது, அவங்களைப் பார்த்து நன்றி சொல்லணும், கூப்பிடுங்க என்றிருக்கிறாள். அதிகாரி சார்ட்டைப் பார்த்திருக்கிறார், தமிழ்மணியைப் பார்த்திருக்கிறார். அந்த சிஸ்டர் யார் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் உடனே, அது எங்கள் ஆயா, பக்கத்தில் நின்று உதவி செய்தாள் என்று சொல்லிவிட்டார்.

"ஆயான்னு சொல்லிட்டாருக்கா. என்னையும் அப்படியே சொல்லச் சொல்றாங்க. டீ குடிச்சிட்டு மறுபடி கூப்பிடுவாங்க. நான் என்னக்கா சொல்றது?"

அல்ஃபியா போனை வைத்தாள். புர்காவை மாட்டிக்கொண்டு, மாமியாரிடம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டாள். கர்நாடகப் பதிவுக் கார்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் நெரிசலில் நின்றுவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தபோது அவள் இறங்கித் திரும்பி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். எதற்காகப் போகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தமிழ்மணிக்காகவா? இல்லை, ஆயா என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவா? வேணியின் நன்றி தனக்கு வந்து சேராமல் போகிறதே என்ற தவிப்பும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

விசாரணை அறைக்குள் அவள் நுழைந்தபோது தமிழ்மணியை இன்னும் விசாரித்திருக்கவில்லை. டாக்டர் மாதவன் கண்ணை மூடிக்கொண்டார். வேணிதான் முதலில் பேசினாள்.

"இவங்கதாங்க."

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார். அன்றைக்கு ஊசி போட்டது நான்தான், தமிழ்மணி அப்போது கீழே இருந்தாள் என்று அல்ஃபியா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"நீங்க நர்ஸா?"

ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் பொய்.

"கர்நாடகாவுல ஆமாங்க."

"இங்க?"

"இங்க இல்லீங்க."

அதிகாரி கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று விசாரித்தார். இதேபோல வேறு பெண்களையும் அவர் பார்த்திருப்பார்போல. ஆச்சரியப்படவில்லை, அதட்டவும் இல்லை.

"நீங்க செஞ்ச சிகிச்சையில நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கார்டை வெச்சுக்கிட்டு இங்க நீங்க ஒருத்தருக்கும் ஊசி போடக் கூடாதும்மா. அதை நான் எழுதித்தான் ஆகணும்."

எழுதினார். மருதையின் மகன் தேடியது இந்தக் குற்றம் இல்லை. வேணி அல்ஃபியாவின் பக்கம் வந்து, நான் நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று முணுமுணுத்தாள். அல்ஃபியா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள்.

அன்று மாலையே வேலை போய்விட்டது. அதை அவள் எதிர்பார்த்தாள். எதிர்பாராதது தமிழ்மணியின் கோபம். செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்திட்டதற்கு விளக்கம் கேட்டுச் சென்னையிலுள்ள தமிழ்நாட்டுக் கவுன்சிலிலிருந்து அவளுக்கும் கடிதம் வந்தது. பாலக்கரை வீட்டு வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"ஏன்க்கா வந்தீங்க? ஆயான்னே சொல்லிட்டு நான் சமாளிச்சிருப்பேன். உங்களை யாரு வரச் சொன்னா?"

"நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான்..."

"இப்ப ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்."

தமிழ்மணி போன திசையைப் பார்த்துக்கொண்டு அல்ஃபியா வாசலிலேயே நின்றாள். பஸ்ஸில் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அப்போது திரும்பவும் வந்தது. அதற்கு நேர்மையான பதில் கிடைத்திருந்தால்கூட இந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

ஹாலித் அல்ஃபியாவை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. சில வாரங்கள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் பெங்களூர் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். வஹீதாவும் இந்த முறை தடுக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து போவதானால் சரி என்றாள். இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆனால் அல்ஃபியா தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். விசாரணை முடிகிறவரை கூப்பிடும்போதெல்லாம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கர்நாடகக் கவுன்சிலுக்கும் தகவல் போகும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அங்கே என்ன முடிவெடுப்பார்களோ.

"அந்தப் பக்கமும் இல்லைன்னு சொல்லிட்டா நாம எங்கங்க போறது?" என்று கேட்டாள்.

ஹாலித் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

அதற்கு மறுவாரம் எதிர்வீட்டு ரங்கநாயகி தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்குப் புதிதாக இன்சுலின் எழுதியிருந்தார்கள். கையில் ஊசியும் மருந்தும். தெருவில் யாருக்கு ஊசி போடவேண்டுமென்றாலும் இத்தனை நாளும் அல்ஃபியாவிடம்தான் வருவார்கள்.

"நான் இப்ப போடக் கூடாதுக்கா. நான் சொல்றேன், நீங்களே போட்டுருங்க. வீட்டுல யாரும் போடலாம்."

ரங்கநாயகிக்கு அது விளங்கவில்லை. இவ்வளவு படித்தவள் போடக் கூடாதாம், ஒன்றும் தெரியாத நான் போடலாமாம் என்று சிரித்தாள். அல்ஃபியா சிரிக்கவில்லை. மருந்தை எவ்வளவு இழுப்பது, காற்றை எப்படி வெளியேற்றுவது, வயிற்றில் எந்த இடத்தில் சதையைக் கிள்ளிப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரங்கநாயகி ஊசியைச் சரித்துப் பிடித்தாள். அல்ஃபியாவின் கை தானாகவே நீண்டது. பாதியில் இழுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊசி கொஞ்சம் சாய்வாக இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பரவாயில்லை, நாளைக்குச் சரியாக வந்துவிடும் என்று அல்ஃபியா தைரியம் சொன்னாள்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. தெருக்கோடி கிளினிக்குக்குப் போனதாக வஹீதா சொன்னாள்.