ஊக்கு குத்திய மப்ளர்

1

இந்தக் கதை ஓர் ஊக்கிலிருந்து வந்தது. எக்ஸ்ரே படத்தில், இடுப்பெலும்பின் மேல், பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்த சாதாரணச் சேலை ஊக்கு. அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் உதவியாளன். இரவு வேலை. பிறகு விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பது இங்கே வேண்டாம் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன்.

முதலில் எழுதிய வரி: "வட்டகொடை ஸ்டேஷனில் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது நாகலெட்சுமி—"

அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் பனி தினமும் இறங்குகிறது. அதற்கும் அந்த அம்மாவின் இடுப்புக்கும் சம்பந்தமில்லை.

2

நடந்தது இவ்வளவுதான். நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறித்தவர். வயது அறுபத்தொன்று. மலையில் வடிகால் கான் தாண்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு நொறுங்கியது. செயற்கை மூட்டு வைத்தார்கள். எலும்பில் ஒரு கிண்ணம், அதற்குள் உருளும் ஒரு குண்டு. கிண்ணம் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். கோணம் தப்பினால் குண்டு என்றாவது ஒருநாள் கழன்றுவிடும்.

முதல் படத்தில் கோணம் தப்பியிருந்தது. ஆறு வாரம் கழித்து எடுத்ததிலும் அதே தப்பு.

டாக்டர் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "ரெண்டு படமும் ஒரே மாதிரி இருக்காம். அடுத்ததும் இப்படியே வந்தா, திரும்பத் தெறந்து மாத்தணுமாம்."

"மறுபடியும் வெட்டுறதா?" என்றார் அவருடைய கணவர் வீரய்யா. "அவ தாங்கமாட்டா தம்பி."

"வெட்டுனா எனக்குத்தான வெட்டுறாங்க. நீங்க ஏன் நடுங்குறீங்க?" என்றார் நாகலெட்சுமி.

டாக்டர் என்னையும் திட்டினார். இரண்டு படத்திலும் ஊக்கு விழுந்திருந்தது. கழற்றச் சொல்லவில்லையா என்று கேட்டார். அது எதில் குத்தியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

3

(வீரய்யாவை எழுதுவதில்தான் சிக்கல். இவ்வளவு நல்ல புருஷனை யார் நம்புவார்கள்? ஒரு பிரதியில் அவரைக் குடிக்க வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் குடிப்பதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாட்டுக்காரர்களோடு சண்டை போடுவார். வெற்றிலையைக் கண்ட இடத்தில் துப்புவார். மனைவியை "ஏ கெழவி" என்பார். மப்ளரை அங்கங்கே மறந்துவிட்டு வருவார். அதனால் நாகலெட்சுமி அதை அவர் கழுத்தோடு சுற்றி ஊக்கு குத்தி அனுப்புவார்.

நீங்கள் இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மூன்று மாதம் பிடித்தது.)

4

மூன்றாவது படம். காலை ஏழு மணி. இரவு வேலை முடியும் நேரத்தில்தான் கிளினிக்குக்கு வருகிறவர்களின் படங்களை எடுப்போம். எக்ஸ்ரே எடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பார். ஆளை நேராகக் கிடத்துவது என் வேலை. வீரய்யா மனைவியை மேசையில் ஏற்றி, போர்வைக்குள் கைவிட்டு எதையோ சரிசெய்துவிட்டு வெளியே போனார். முன்பும் இரண்டு தடவை அப்படித்தான் செய்தார். அப்போதெல்லாம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நான்—

அன்று அவர் கழுத்து வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். போர்வையைத் தூக்கினேன். நாலாக மடித்த மப்ளர், ஒரு பக்க இடுப்புக்கு அடியில்.

"இது என்னம்மா?"

"மேசை ஐஸ் மாதிரி இருக்குல்ல தம்பி. வெட்டுன பக்கம் குளிரக்கூடாதுன்னு வைப்பாரு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"வேணாம்னாலும் கேக்கமாட்டாரே."

ஒரு பக்கம் உயர்ந்தால் இடுப்பே திரும்பிவிடும், நேராக இருக்கும் கிண்ணமும் படத்தில் கோணலாகத் தெரியும் என்று விளக்கினேன். அந்த அம்மா கூரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க சாமி. தன்னாலதான் என்னைய மறுபடி வெட்டப் பாத்தாங்கன்னு தெரிஞ்சா அந்த மனுசன் சோறு திங்கமாட்டாரு."

5

மப்ளரை எடுத்துவிட்டு எடுத்த படத்தில் கிண்ணம் சரியாகத்தான் இருந்தது. இதை ஒளித்துவைத்து உங்களைப் பதறவைக்க எனக்கு விருப்பமில்லை. டாக்டர் கோணத்தை அளந்தார், தலையாட்டினார். வெட்டு இல்லை.

கதை முடியாதது வெளியே, வாங்குப் பலகையில். வீரய்யா அழுதார், மூக்கைத் துடைக்க மப்ளரைத் தேடினார், நான் நீட்டினேன். வாங்கிக்கொண்டு கேட்டார்:

"ரெண்டு தடவ கோணலா இருந்தது, இப்ப மட்டும் எப்புடி தம்பி நேராச்சு?"

சக்கர நாற்காலியிலிருந்து நாகலெட்சுமி என்னையே பார்த்தார்.

முடிவு அ: "நடக்க நடக்க மூட்டு செட்டாயிருச்சு ஐயா." (பொய். டாக்டர் கேட்டால் சிரிப்பார்.)

முடிவு ஆ: "கோணலாத் தெரிஞ்சது உங்க மப்ளராலதான்." (பாதி உண்மை. அதனால் பொய்யைவிட மோசம்.)

முடிவு இ: "போர்வையைத் தூக்கிப் பாக்க வேண்டியது என் வேல. ரெண்டு தடவையும் நான்—" *

அன்று இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னேன். எதை என்று எழுதமாட்டேன். வீரய்யா இன்னும் அங்கே குனிந்து நிற்கிறார், நாகலெட்சுமி அவர் கழுத்து மப்ளரில் ஊக்கைக் குத்திக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

---
* இந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றாவது படம் எடுத்த மாதம்தான் வேலையை விட்டேன்.