மேடத்துக்குச் சேணம் எடுத்த கதை

செருப்புக் கடைக்காரர் தம் இருபத்தெட்டு வருட வியாபாரத்தில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். கடிக்கிறதே என்று யாராவது முகத்தைச் சுளித்தால் போதும், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்து, பெற்ற தாய் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, "போடப் போடச் சரியாயிடுங்க" என்பார். சரியாகாதவர்கள் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. நடக்க முடிந்தால்தானே வருவதற்கு.

அவருடைய ஒரே மகள் குதிரையேற்றப் பள்ளியில் தடை தாண்டப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய்த்தது ஒரு கறுத்த பெண் குதிரை. பதிவேட்டில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. லாயத்தில் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அதன் பார்வை அப்படி. சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பாங்க் கவுன்ட்டரில் போய் நின்றால் உள்ளேயிருந்து ஒரு பார்வை வருமே, அது.

பள்ளியின் பழைய சேணம் தையல் விட்டுப்போனது. மகளின் பதினாறாவது பிறந்தநாளுக்குத் தாமே ஒரு ஜம்பிங் சேணம் வாங்கித் தருவதாகக் கடைக்காரர் வாக்குக் கொடுத்தார்.

"குதிரைக்கு அளவு எடுக்க ஒரு அம்மா இருக்காங்கப்பா. அவங்களைக் கூப்பிடலாம்" என்றாள் மகள்.

"அளவு எடுக்க ஆளா? எனக்கா? ஒருத்தன் வாசப்படி ஏறுற தினுசை வச்சே எட்டா ஒன்பதான்னு சொல்றவன் நான்."

"அது காலுப்பா. இது முதுகு."

"எல்லாம் தோல்தான் கண்ணு."

அடுத்த நாளே போய் வாங்கி வந்துவிட்டார். தேன் நிறம். தாண்டும்போது முழங்கால் முன்னே போய் அணைந்துகொள்ள வசதியாக, பக்கத்து மடல்கள் இரண்டும் முன்பக்கம் தள்ளி வெட்டப்பட்டிருந்தன. தையலை நகத்தால் கீறிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். குதிரை மேல் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். லாயத்தில் வைத்தபோது தோளுக்குப் பின்னால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. மேடம் காதுகளைப் பின்னுக்குச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் அண்ணாந்து, அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"போடப் போடச் சரியாயிடும் மேடம்."

முதல் வாரம் மேடம் தடைக்கம்புக்கு முன்னால் தயங்கியது. இரண்டாவது வாரம் நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் மேடம் நின்றது, மகள் நிற்கவில்லை. தனியாளாகக் கம்பைத் தாண்டி அந்தப் பக்க மணலில் போய் உட்கார்ந்தாள்.

"தாண்டினது சுத்தமா இருந்துச்சு" என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். "அடுத்த தடவை குதிரையையும் கூட்டிட்டுப் போம்மா."

அவளுக்கு அடியொன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, அப்பாவைத் தனியே அழைத்தார். சிரிப்பு போயிருந்தது. "சார், அதுக்குப் பன்னண்டு வயசாச்சு. தாண்டி அலுத்துப்போச்சு போல. வர்ற சனிக்கிழமை மூணு தடை வைக்கிறேன். தாண்டலைன்னா பார்க்குல வண்டி இழுக்க அனுப்பிடுவேன். அந்த வண்டிக்காரர் தினம் போன் பண்றாரு."

அன்று இரவு மகள் பேசவில்லை. வாயில் பிரஷ் இருக்கும்போதும் பேசுகிற பெண் அவள். சேணம் வைத்த அன்று மேடம் காதைச் சாய்த்துப் பார்த்த பார்வை கடைக்காரருக்கு ஞாபகம் வந்தது.

உறுத்துகிறது என்றால் மெத்தென்று ஏதாவது வைத்தால் போகிறது. திங்கட்கிழமை சேணத்துக்கு அடியில் தடித்த பஞ்சு விரிப்பு ஒன்று வைத்தார். செவ்வாய்க்கிழமை அதற்கு மேல் கடையிலிருந்து ஸ்பாஞ்ச். புதன்கிழமை, விருந்தாளிகளுக்கென்று வீட்டில் எடுத்து வைத்திருந்த போர்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பியவர் வாசலில் பிடிபட்டார்.

"எங்கம்மா வந்தப்போ இதைத் தர மாட்டேன்னீங்க" என்றாள் மனைவி.

"உங்கம்மா ஒண்ணும் வண்டி இழுக்கப் போகலையே."

"கொண்டுபோங்க, கொண்டுபோங்க. தலகாணி ஒண்ணுதான் பாக்கி. அதையும் கொடுத்தா மேடம் படுத்துத் தூங்குவாங்க."

மேடம் தூங்கவில்லை. வியாழக்கிழமைக்குள், சேணத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து என்ன மெத்தை வைக்கலாம் என்று கடைக்காரர் பக்கத்தில் நின்று யோசித்தபோது, அவர் சட்டையின் இரண்டாவது பட்டனைக் கடித்தெடுத்துத் துப்பியது.

வெள்ளிக்கிழமை காலை அவர் லாயத்துக்குப் போனபோது வாசலில் ஒரு வேன் நின்றது. மகள் அப்பாவிடம் சொல்லாமல் சேணக்கார அம்மாவுக்குப் போன் செய்துவிட்டிருந்தாள். வேனிலிருந்து இறங்கிய அந்த அம்மா, வலது காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து ஊன்றினார். நிமிர்ந்தவர் கடைக்காரரைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"நீங்க செருப்புக் கடை வச்சிருக்கவர்தானே?"

"ஆமாங்க. கடைக்கு வந்திருக்கீங்களா?"

"மூணு வருஷம் முன்னாடி வந்தேன். போடப் போடச் சரியாயிடும்னீங்க." தம் காலைப் பார்த்தார். "போட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

கடைக்காரர் திடீரென்று லாயத்தின் கூரையை ஆராய ஆரம்பித்தார்.

அந்த அம்மா மகளிடம், சேணமும் மெத்தைகளுமாக அப்படியே பத்து நிமிடம் குதிரையை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். பிறகு வயிற்று வாரைக் கழற்றி, சேணத்தை இறக்கி, போர்வையை எடுத்தார். ஸ்பாஞ்சை எடுத்தார். பஞ்சு விரிப்பை எடுத்தார். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

மேடத்தின் முதுகு முழுவதும் வேர்வையில் பளபளத்தது. தோள்களுக்குப் பின்னால் மட்டும், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடங்கள் காய்ந்து கிடந்தன.

"அழுத்தி நசுக்கின இடத்துல வேர்வை வராது. கையை வச்சுப் பாருங்க" என்றார் அந்த அம்மா.

கடைக்காரர் வைத்தார். விரல் பட்டதுமே தோல் வெடவெடவென்று துடித்து, முதுகு கீழே தாழ்ந்தது. அவருக்கு அந்தத் துடிப்பு தெரியும். ஆணிக்கால்காரர்களின் பாதத்தில் இருபத்தெட்டு வருடமாக அவர் விரல்கள் அதைத் தொட்டிருக்கின்றன. தொட்டுவிட்டு, அவர் அண்ணாந்து சிரித்திருக்கிறார்.

"செருப்பு கடிக்குதுன்னா மேல மேல நாலு சாக்ஸ் மாட்டி விடுவீங்களா சார்?"

"அய்யோ" என்றார் கடைக்காரர்.

"தாண்டணும்னா முதல்ல தோளைத் தூக்கணும். நீங்க தோளைக் கிடுக்கியில மாட்டிட்டு, அப்புறம் கிடுக்கியை இறுக்கிக்கிட்டே வந்திருக்கீங்க. அலுப்பும் இல்லை, திமிரும் இல்லை. வலி."

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. மேடம்தான் பார்த்தது. கவுன்ட்டரை மூடிவிட்ட பார்வை.

அந்த அம்மா வளையும் கம்பி ஒன்றைத் தோளுக்குப் பின்னால் முதுகோடு ஒட்டி அழுத்தி, அதே வளைவு கலையாமல் எடுத்து, அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். கடைக்காரர் எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்தார். காகிதத்தில் பாதம் வரைவது அவர் தினமும் செய்கிற காரியம். தாம் வாயைத் திறக்கக் கூடாது என்று உறுதியாகத் தீர்மானித்து, உடனே திறந்தார்.

"இடது தோள் பெரிசுங்க. அரை விரல் இருக்கும்."

அந்த அம்மா நிமிர்ந்தார்.

"யாருக்குமே ரெண்டு காலும் ஒரே அளவு இருக்காதுங்க. பெரிய காலுக்குத்தான் செருப்பு எடுக்கணும். சின்னதுக்கு உள்ள ஒரு அட்டை வச்சுக்கலாம். சின்னதுக்கு எடுத்தோம்னா, பெரிசு செத்துடும்."

"இதைப் புரிய வைக்க எனக்கு ஒவ்வொரு லாயத்துலயும் அரை நாள் ஆகும்" என்றார் அந்த அம்மா. "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, எனக்கு ஏன் சார் அந்தச் செருப்பை வித்தீங்க?"

"அது கடைசி ஜோடிங்க."

மகள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. ஐந்து நாளில் அவளிடமிருந்து அவர் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

வேனிலிருந்து மூன்று சேணங்கள் இறங்கின. முதலாவது நடுவில் முதுகைத் தொடாமல் பாலம் மாதிரி நின்றது. இரண்டாவது கடைசி விலா எலும்பையும் தாண்டி நீண்டது. மூன்றாவதைப் பார்த்ததும் கடைக்காரருக்கு மனம் சுருங்கியது. சாயம் போய், கீறல் விழுந்து, எப்போதோ யாரோ மேலே பெயின்ட் சிந்தியிருந்தார்கள். அவர் கடையில் அதைத் தள்ளுபடிக் கூடையில்கூடப் போட மாட்டார்.

அது போய் உட்கார்ந்தது. தோளுக்குப் பின்னால் அவர் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் தடங்கல் இல்லாமல் வெளியே வந்தது. தோள்களுக்கு நடுவே முதுகு எழும்பி நிற்கும் முன்மேட்டுக்கும் சேணத்துக்கும் மூன்று விரல் இடைவெளி. சின்னத் தோள் பக்கம் சேணத்துக்கு அடியில் மெல்லிய கம்பளித் துண்டு ஒன்றை அவரே வெட்டி வைத்தார். மகள் ஏறியதும் மேடம் கழுத்தைத் தாழ்த்தி, நீளமாக ஒரு மூச்சு விட்டு, வாயைச் சப்புக்கொட்டியது.

"சரின்னுட்டாங்க" என்றார் அந்த அம்மா.

சனிக்கிழமை கடைக்காரர் மைதானத்துக்கு ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். வேலியோரம் உட்கார்ந்திருந்த சேணக்கார அம்மாவின் முன்னால் குந்தி, புது ஜோடியை மாட்டிவிட்டார். இடது செருப்புக்குள் ஒரு மெல்லிய அட்டை.

"இதுவும் போடப் போடச் சரியாயிடுமா?"

"வேண்டாங்க. இப்பவே சரியா இருக்கணும். நடந்து பார்த்துச் சொல்லுங்க."

அந்த அம்மா இரண்டடி நடந்தார். இன்னும் இரண்டடி நடந்தார். பழைய ஜோடியைப் பெட்டியில் போட்டு அவரிடமே கொடுத்தார்.

மாஸ்டர் விசில் ஊதினார். கடைக்காரர் அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். மேடம் முதல் கம்பை நோக்கி வந்தது. தயங்கியது. காதுகள் பின்னுக்குப் போயின. தோள் வலிக்கப் போகிறது என்று காத்திருந்த மாதிரி ஒரு கணம். வலிக்கவில்லை. அப்படியே எழும்பியது. இரண்டாவது. மூன்றாவது தடையில் கம்புக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்திருக்கலாம்.

மகள் கடிவாளத்தைப் பிடித்தாள். மேடம் நிற்கிற மாதிரி இல்லை. மைதானத்து மூலையில், வீட்டுக்குக் கொண்டுபோகக் கடைக்காரர் மடித்து அடுக்கி வைத்திருந்த பஞ்சு விரிப்பு, ஸ்பாஞ்ச், விருந்தாளிப் போர்வை எல்லாம் ஒரு குவியலாக இருந்தன. அதை நோக்கி நேராகப் போய், அதையும் ஒரே தாவலில் தாண்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது.

மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "மூணுதானே வச்சேன். அந்த நாலாவது தடையை யார் வச்சது?"

"நான் வச்சதுங்க" என்றார் செருப்புக் கடைக்காரர்.

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே, வண்டிக்காரருக்கு வேறு குதிரை பார்த்துக்கொள்ளச் சொல்லப் போனை எடுத்தார். மகள் இறங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்திருந்தாள். வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.